விளையாட்டு வினையாகுக!

சிம்பாங் பூலாயில் ஒரு மந்திரிசபை அமைந்த செய்தியை நேயர்கள் எந்தப் பத்திரிகையிலும் படித்திருக்க மாட்டார்கள். அதற்குச் சுல்தான் திருமுன் உறுதிமொழி இல்லை, மாலை இல்லை, மேளம் இல்லை, வாழ்த்து விளம்பரமும் இல்லை. அது அமைந்த இடம் சுண்ணாம்பு மலையடிவாரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மூலை மேசை. அமைத்தவன் இருபத்திரண்டு வயது வாலிபன். அவனுடைய தந்தை தோட்டத்தில் பால் வெட்டியவர். தாய் இன்றும் கூலி வேலைக்குப் போகிறவர். வாலிபன் கையில் இருந்ததோ ஒரு கைப்பேசி மட்டுமே.

இணையத்தின் வழியே நடைபெறும் அரசாட்சி விளையாட்டு ஒன்றில் அவன் சேர்ந்திருந்தான். பல தேசத்து வாலிபர்கள் கூடி, இல்லாத நாடொன்றைக் கற்பித்து, அதற்கு அரசியற் சட்டம் வகுத்து, கட்சி கட்டி, தேர்தல் நடத்தி, சட்டசபை கூட்டி ஆடும் ஆட்டம் அது. அத்தேர்தலில் இவன் கட்சி முதலிடம் பெற்றது. மந்திரிசபை அமைக்க அவனுக்கு ஐந்து நாள் தவணை. அந்த ஐந்து நாளும் வேலை முடிந்து வந்து, தேநீரை ஆறவிட்டு, கடிதத்தின்மேல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான்.

பக்கத்து மேசையில் இருந்த பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? “வீட்டு வாடகை கட்ட வழியில்லை, நாட்டுக்குப் பிரதமராம்!” என்றார் ஒருவர். “கோட்டை கட்டுகிறான், ஆகாயத்தில்!” என்றார் மற்றொருவர். “விளையாட்டு வினையாகும், தம்பி. பிழைப்பைப் பார்” என்று முடித்தார் மூன்றாமவர். கடை முழுதும் சிரித்தது. வாலிபன் தலைகுனிந்தான். நாமும் அங்கே இருந்தோம். அன்று வாய் திறவாமல் இருந்தது நமது பிழை. அப்பிழைக்குக் கழுவாயாகவே இன்று எழுதுகிறோம்.

சிரித்தவர்களை நோக்கி முதலில் ஒன்று கேட்கிறோம். ஐயா! உங்கள் மேசையில் அன்று என்ன பேச்சு நடந்தது? பந்தாட்டத்தில் எந்தக் கட்சி வெல்லும் என்பதும், எந்த நடிகர் படம் எத்தனை நாள் ஓடும் என்பதும், எவர் எந்தத் தலைவரைக் காலை வாரினார் என்பதும் அன்றோ? அவையெல்லாம் பிழைப்பு, ஓர் அரசாங்கம் எப்படிப் பிறக்கிறது என்று ஒருவன் ஆடிப் பார்ப்பது மட்டும் வீண் வேலையோ? பெண் குழந்தை சொப்பு வைத்து மண்சோறு சமைத்தால் “நாளைக்குக் குடும்பம் நடத்தப் பழகுகிறாள்” என்று பூரிக்கிறீர்கள். தோட்டத்து மகன் மந்திரிசபை அமைத்துப் பழகினால் உங்களுக்கு ஏன் நகைப்பு வருகிறது? காரணத்தை நாம் சொல்லுகிறோம்: சமைப்பது நம் வேலை என்று நம்புகிறீர்கள், ஆள்வது நம் வேலை அன்று என்று நம்புகிறீர்கள். அந்த நகைப்பு அவ்வாலிபன்மேல் எழுந்ததன்று. உங்கள்மேல் நீங்களே கொண்ட அவநம்பிக்கையிலிருந்து எழுந்தது.

உலகம் இவ்விளையாட்டை இகழவில்லை. இந்தியாவில் நாடாளுமன்ற விவகார அமைச்சு பள்ளி மாணவர்க்கு மாதிரி நாடாளுமன்றப் போட்டிகளை 1960களின் நடுவிலேயே டில்லியில் தொடங்கிற்று. நமது நாட்டிலும் 2020ஆம் ஆண்டு நடந்ததொன்றை எத்தனை பேர் அறிவீர்கள்? கோவிட் தொற்று நாட்டைப் பூட்டி வைத்திருந்த காலம் அது. பிப்ரவரி 24இல் ஒரு பிரதமர் பதவி விலகினார். மார்ச் 1இல் மற்றொருவர் பதவி ஏற்றார். இடையே ஒரு தேர்தலும் இல்லை. புதிய அரசாங்கத்துக்குப் பெரும்பான்மை உண்டா என்று நாடு அறிய விரும்பியபோது, நாடாளுமன்றம் மே 18இல் ஒரே ஒரு நாள் கூடிற்று. மாமன்னர் உரையைக் கேட்டது. விவாதம் ஒன்றும் இன்றிக் கலைந்தது. பேசவேண்டிய பெரியவர்கள் பேசவில்லை. அப்பொழுது ஜூலை 4, 5 ஆகிய இரு நாளும், நாடாளுமன்றத் தொகுதிகளின் தொகைக்கு ஒப்ப 222 இளைஞர்கள் இணையத்தில் கூடி ‘டிஜிட்டல் நாடாளுமன்றம்’ ஒன்றை நடத்தினார்கள். சபாநாயகரை வைத்துக்கொண்டு தீர்மானங்களைப் பேசினார்கள். மெய்யான மன்றம் வாய்மூடியிருந்த வேளையில் விளையாட்டு மன்றம் விவாதித்தது. இவற்றுள் எது விளையாட்டு, எது வினை? நேயர்களே தீர்ப்புக் கூறுங்கள்.

இனி நம் வாலிபன் கதைக்கு வருவோம். அக்கற்பனை நாட்டின் சட்டசபையில் நூறு இடம். இவன் கட்சிக்கு 38. மற்ற மூன்று கட்சிகளுக்கு 27, 21, 14. ஆட்சி அமைக்க 51 வேண்டும். வென்றவன் இவன்தான், ஆயினும் ஆள முடியாதவன்! முதல் நாள் அவன் அடைந்த திகைப்பே முதற் பாடம். தேர்தலில் வெல்வது வேறு, அரசாங்கம் அமைப்பது வேறு என்று எந்தப் பள்ளிக்கூடமும் அவனுக்குச் சொல்லவில்லை. 14 இடமுடைய சிறு கட்சியோடு பேசினான், 52 ஆயிற்று. அக்கட்சி நிதி இலாகாவைக் கேட்டது. “பார்க்கலாம்” என்று எழுதினான். பதவிகளையோ தன் நண்பர்களுக்கு அள்ளி வழங்கினான். உள்துறை ஒருவனுக்கு, வெளிநாட்டுத் துறை ஒருவனுக்கு, விளையாட்டுத் துறை இன்னொருவனுக்கு. நிதியைத் தானே வைத்துக்கொண்டான். வரவு செலவுத் திட்டம் சபைக்கு வந்த அன்று அந்தப் பதினான்கு பேரும் எதிர்ப்புறம் போய் உட்கார்ந்தார்கள். ஆதரவு 38, எதிர்ப்பு 62. பத்தொன்பதாம் நாள் அவன் அரசாங்கம் கவிழ்ந்தது. கடையில் இரண்டாம் முறையும் சிரிப்பு!

சிரிக்கட்டும். ஆயின் அவன் பத்தொன்பது நாளில் பயின்ற பாடத்தை நமது பேராக் மாநிலம் எத்தனை ஆண்டுகளில், எவ்வளவு விலை கொடுத்துப் பயின்றது என்பதையும் சற்று எண்ணுக.

2008ஆம் ஆண்டு மார்ச்சில் பேராக் சட்டசபையின் 59 இடங்களுள் தேசிய முன்னணி 28 பெற்றது. ஜனநாயகச் செயற்கட்சி 18, மக்கள் நீதிக் கட்சி 7, பாஸ் கட்சி 6, கூட்டினால் 31. மூன்றே இடம் வித்தியாசம். மூவருள் ஆறு இடமே உடைய பாஸ் கட்சியின் நிஜார் ஜமாலுத்தீன் மந்திரி புசார் ஆனார். பதினெட்டு இருக்க ஆறுக்கு ஏன் முதலிடம் என்று கேட்பவர்கள் மாநில அரசியற் சட்டத்தைப் படிக்க வேண்டும். மந்திரி புசார் இஸ்லாத்தைத் தழுவிய மலாய்க்காரராய் இருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. விலக்களிக்கும் உரிமை சுல்தானுக்கு உண்டு. சபாநாயகர் ஆசனத்தில் வி. சிவகுமார் என்னும் தமிழர் அமர்ந்தார். தோட்டங்களிலும் புந்தோங்கிலும் அன்று மகிழாத தமிழ் வீடு அரிது.

அம்மகிழ்ச்சி பதினோரு மாதமே நின்றது. 2009 பிப்ரவரியில் ஆளுங்கட்சியினர் மூவர் விலகித் தேசிய முன்னணிக்கு ஆதரவு என்றனர். இருபுறமும் 28, நடுவே மூவர். சபையைக் கலைத்துத் தேர்தலுக்குப் போக மந்திரி புசார் கேட்டார், சுல்தான் இசையவில்லை. பிப்ரவரி 6இல் ஸம்ரி அப்துல் காதிர் மந்திரி புசாராகப் பதவி ஏற்றார். மார்ச் 3இல் சட்டசபைக் கதவு மூடியிருக்க, ஈப்போவில் ஒரு மரத்தடியில் சபை கூடிற்று. மே 7இல் மண்டபத்துக்குள் சபாநாயகர் சிவகுமாரை இருக்கையோடு வெளியே இழுத்துச் சென்றார்கள். ஒரு மாநிலத்தில் இரு மந்திரி புசார், இரு சபாநாயகர்! அப்பொழுது சட்ட அறிஞர்கள் 1966ஆம் ஆண்டைப் புரட்டினார்கள். அவ்வாண்டு சரவாக்கின் ஸ்டீபன் காலோங் நிங்கான் வழக்கில், முதலமைச்சர் நம்பிக்கை இழந்தார் என்பது சபையில் எடுக்கும் வாக்கால்தான் தெரியவேண்டும் என்று உயர் நீதிமன்றம் கூறியிருந்தது. ஆனால் 2010 பிப்ரவரி 9இல் கூட்டரசு நீதிமன்றம், சபை வாக்கு ஒன்றே வழியன்று, வேறு வகையாலும் அதை அறியலாம் என்று தீர்த்து, ஸம்ரியே சட்டப்படி மந்திரி புசார் என்றது.

இத்தீர்ப்புச் சரியா, தவறா என்று வழக்காட நாம் இங்கே வரவில்லை. நாம் கேட்பது வேறு. சபாநாயகரை இழுத்துச் சென்ற அன்று, “ஐயோ, நம் தமிழனை இழுத்தார்களே!” என்று குமுறியவர்கள் பல்லாயிரவர். சபாநாயகர் எதற்கு இருக்கிறார், அவர் ஆசனத்தில் இல்லாவிட்டால் என்ன கெடும், நம்பிக்கை வாக்கு என்பது யாது, மூன்று பேர் மாறினால் பல லட்சம் பேர் இட்ட வாக்கு ஏன் செல்லாக்காசாகிறது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? இழுக்கப்பட்டவரின் இனத்தைப் பார்த்தோம். இழுக்கப்பட்ட முறைமையைப் பார்த்தோமில்லை.

பின் நடந்ததையும் காண்க. 2020 டிசம்பர் 4இல் மந்திரி புசார் பைசால் அசுமுமீது சபையில் நம்பிக்கை வாக்கு எடுத்தார்கள். ஆதரவு 10; எதிர்ப்பு 48; செல்லாதது 1. அவர் விலக, சாரானி முகமது வந்தார். 2022 நவம்பரில் மீண்டும் தேர்தல். பெரிக்காத்தான் நேஷனல் 26, பாக்காத்தான் ஹராப்பான் 24, தேசிய முன்னணி 9. எவருக்கும் 30 இல்லை. ஜென்ம விரோதிகள் என்று மேடைதோறும் முழங்கிய இரு கட்சிகள் கைகோத்தன. 24உம் 9உம் 33 ஆயிற்று. ஒன்பதே இடமுடைய அணியின் சாரானியே மறுபடியும் மந்திரி புசார்! அதே வாரத்தில் கோலாலம்பூரிலும் இக்கணக்கே. 222 இடத்தில் 112 வேண்டும். முதலிடம் பெற்ற அணிக்கு 82தான். மாமன்னர் அழைத்துப் பேசி, பகைவர்கள் உடன்பட்டு, நவம்பர் 24இல் அன்வார் இப்ராஹிம் பிரதமர் ஆனார். தேர்தல் முடிந்து ஐந்தாம் நாள்! நம் வாலிபனுக்கு அவ்விளையாட்டில் கொடுத்த தவணையும் அதே ஐந்து நாள் என்பதைச் சிரித்தவர்கள் கவனிக்க.

அவ்வைந்து நாளும் நம் தோட்டங்களில் என்ன நிலை? “யார் வருவார்?” என்று சோதிடம் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தோம். கூட்டிக் கழிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருக்க, கணக்கைக் கிளியிடம் கேட்டால் விடை வருமோ?

இனி நம் சமூகத்தின் பழைய நோயை வெளிப்படையாகச் சொல்லுவோம். கோபம் வந்தாலும் வருக. புதிய அரசாங்கம் அமையும்போதெல்லாம் நாம் கேட்பது ஒரே கேள்வி: “நமக்கு எத்தனை மந்திரி?” இக்கேள்வி 1955இல் பிறந்தது. அவ்வாண்டு நடந்த முதற் பொதுத் தேர்தலில் கூட்டணி 52இல் 51 இடம் வென்றது. பேராக்கின் வட கிந்தாவில் வென்ற வீ. தி. சம்பந்தன் தொழில் மந்திரி ஆனார். அன்று அது பெருமை. பால்மரக் காட்டுக்காரர்களின் இலாகா அவர்களுள் ஒருவர் கைக்கு வந்தது. ஆனால் பின்வந்த நாம் அதை ஒரு சடங்காக்கி விட்டோம். நாற்காலி ஒன்று நமக்கு உண்டா? உண்டு. சரி, உறங்கலாம்! 2022இல் மனிதவள அமைச்சராக ஒரு தமிழர் வந்தார்; மகிழ்ந்தோம். 2023 டிசம்பர் மாற்றத்தில் அவர் இல்லாமற் போனார், கொதித்தோம். அவ்வோராண்டில் அவ்விலாகா செய்தது என்ன, செய்யாது விட்டது என்ன என்று கணக்குக் கேட்ட கூட்டம் ஒன்றேனும் நம் ஊரில் நடந்ததா? நமது கண்ணுக்கு நாற்காலி தெரிகிறது. நாற்காலிக்கு முன்னுள்ள மேசையும், மேசைமேலுள்ள கோப்பும் தெரிவதில்லை.

மந்திரிசபை அமைத்துப் பழகியவனுக்கோ முதலில் தெரிவது கோப்புத்தான். எது எந்த இலாகா என்று பிரித்தாக வேண்டும் அல்லவா? நாம் சில சொல்லுகிறோம்; நேயர்கள் தம்மைத் தாமே சோதித்துக்கொள்க. செம்பனைத் தோட்டத்தில் கூலி குறைத்துக் கொடுத்தால் எங்கே முறையிடுவது? கூட்டரசின் மனிதவள அமைச்சின் கீழுள்ள தொழிலாளர் இலாகாவில். சொக்சோ காப்புறுதியும் அவ்வமைச்சையே சேரும். ஆனால் ஊழியர் சேமநிதி நிதி அமைச்சைச் சேரும். தோட்டக் குடியிருப்பின் கூரை ஒழுகினால் 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அதுவும் தொழிலாளர் இலாகா வேலை. தமிழ்ப்பள்ளி கல்வி அமைச்சின் பொறுப்பு; ஆயின் அப்பள்ளி நிற்கும் நிலம், கோயில் நிற்கும் நிலம், தோட்டம் விற்கப்பட்டபின் நாம் கேட்கும் வீட்டுமனை ஆகிய யாவும் மாநில அரசாங்கத்தின் அதிகாரம். குடியுரிமைப் பத்திரம் உள்துறை அமைச்சு. சாக்கடையும் குப்பையும் ஊராட்சி மன்றம். அதன் உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, மாநில அரசாங்கமே நியமிக்கிறது. ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டன; 1976ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அவ்வழி அடைபட்டது.

இது தெரியாமையால் நாம் படும் பாட்டைச் சொல்லி முடியாது. நமக்குத் தெரிந்த ஒரு தாய் தன் மகனின் குடியுரிமைக்காக மாநிலத்து அலுவலகம் ஒன்றுக்கு ஈராண்டு நடந்தாள். ஒவ்வொரு முறையும் நாளை வா என்றார்களேயன்றி, “அம்மா, இது எங்கள் வேலை அன்று” என்று சொல்ல ஒருவருக்கும் நாவெழவில்லை. அவள் இழந்தது இரண்டு ஆண்டுப் பேருந்துக் கட்டணமும் அரைநாட் கூலிகளும் மட்டுமன்று. மகன் படிப்புக்கு உதவித்தொகை கேட்கும் காலமும் கடந்து போயிற்று. இலாகா அறியாமைக்கு நாம் கட்டும் வரி இது. சாப்பாட்டுக் கடையில் சிரித்த பெரியவர்களுள் ஒருவரேனும் அவளுக்கு வழி சொல்லியிருப்பாரா? பத்தொன்பது நாள் ‘பிரதமர்’ சொல்லியிருப்பான்!

மற்றொரு நோயும் உண்டு. நமக்குத் தலைவன் என்றால் கங்காணி. கங்காணி என்றால் தலைவன். நம் பாட்டன்மாரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவன் கங்காணி. பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டவன் கங்காணி. துரையிடம் நமக்காகப் பேசியவனும், நம் கூலியில் தன் பங்கை எடுத்தவனும் கங்காணி. அம்முறை சட்டத்தால் ஒழிந்து பல தலைமுறை ஆயிற்று, மனத்தால் ஒழிந்ததா? இன்றும் தொகுதிக்கு ஒரு கங்காணியையே தேடுகிறோம். அவர் வந்து அரிசி மூட்டை கொடுத்தால் நல்லவர். சட்டசபையில் என்ன பேசினார் என்று கேட்டால் நாம் அதிகப்பிரசங்கி! இதன் மறுபக்கம் சினிமா. 1999இல் வந்த ‘முதல்வன்’ என்னும் படத்தில் ஒருநாள் முதல்வராகும் கதாநாயகன் ஒரே பகலில் ஊழலை ஒழிக்கக் கண்டு கைதட்டினோம். கதைக்கு அது இனிக்கலாம். ஆனால் எந்த நாட்டையும் ஒருவன் ஒரு நாளில் திருத்தியதில்லை. 1988 ஜனவரியில் தமிழ்நாட்டில் எம். ஜி. ஆரின் மறைவுக்குப்பின் முதல்வரான ஜானகி அம்மையாரின் ஆட்சி, கட்சி இரண்டுபட்டமையால், 24 நாளே நீடித்தது. எம். ஜி. ஆர். என்னும் பெரும் பெயர் பின்னே நின்றும், சபையில் அமைதியாகக் கை தூக்கும் பெரும்பான்மை இல்லாத இடத்தில் ஆட்சி நிற்கவில்லை. கங்காணியும் கதாநாயகனும் நம்மைக் கைகட்டி நிற்கும் கூட்டமாகவே வைத்திருப்பார்கள். கணக்கும் உடன்படிக்கையும் விவாதமும் அறிந்த குடிமகனோ எவனிடத்தும் கைகட்ட வேண்டியதில்லை.

இவ்வளவும் கூறியதனால், விளையாடும் வாலிபர்களை வாயாரப் புகழ்ந்து விட்டுவிடுவோம் என்று எண்ண வேண்டா. தம்பி! உன்னிடமும் வழக்கு உண்டு.

உன் மந்திரிசபைப் பட்டியலை நாம் வாங்கிப் பார்த்தோம். பதினொரு இலாகா. போர்த்துறை இருந்தது, விண்வெளித்துறை இருந்தது, தொழிலாளர் துறை இல்லை! பால்வெட்டியின் மகன் அமைத்த அரசாங்கத்தில் பால்வெட்டிக்கு இடமில்லை என்றால், வேறு எவன் அமைப்பதில் இருக்கும்? பதினொருவருள் பெண் ஒருத்தியும் இல்லை. விடியற்காலை எழுந்து உனக்குச் சோறு கட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறாளே உன் தாய், அவளுக்கு நீ கற்பனை நாட்டிலுங்கூட ஓர் ஆசனம் போட மறந்தாய். நண்பர்களுக்குப் பதவி கொடுத்தாய். உடன்பட்டவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காற்றில் விட்டாய். மெய்யான மந்திரிகளை எதற்காக வைகிறோமோ அவ்வனைத்தையும் அதிகாரம் வந்த முதல் வாரத்திலேயே செய்து முடித்தாய். உன் குற்றமன்று இது. பார்த்துப் பழகியது அப்படி. ஆயினும் நீ அறிந்துகொண்டாயே, அதிகாரத்தின் பிழை அயலானிடம் மட்டும் இல்லை, நம்முள்ளும் இருக்கிறது என்று! அந்த அறிவுக்குப் பத்தொன்பது நாள் மலிந்த விலையே.

இன்னுமொன்று. விளையாட்டில் அரசாங்கம் கவிழ்ந்தால் ஒருவர் வீட்டிலும் உலை நிற்பதில்லை. மெய்யில் கவிழ்ந்தால் பாதிப் போட்ட பாலம் நிற்கும். கொடுப்பதாய்ச் சொன்ன மனைப் பட்டா நிற்கும். குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட். 2022 மே மாதத்தில் 1,500. 2025 பிப்ரவரியில் 1,700. இம்மூன்று எண்களும் ஏதோ ஒரு மந்திரிசபை மேசையில் யாரோ வாதாடி எழுதிய எண்கள். மேசையைச் சுற்றி யார் இருந்தார், யார் இல்லை என்பதே உன் தாயின் சம்பள உறையின் கனம். திரையை அணைத்துவிட்டு எழும்போது இதை மறவாதே. உனக்கு இப்பொழுது மெய்யான வாக்கும் உண்டு. வாக்குரிமை வயதைப் பதினெட்டாக்கும் திருத்தம் 2019 ஜூலையில் மக்களவையில் எதிர்ப்பின்றி 211 வாக்கோடு நிறைவேறி, 2021 டிசம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. நீ விண்ணப்பிக்காமலே உன் பெயர் பட்டியலில் ஏறும். கட்சி தாவும் நாடாளுமன்ற உறுப்பினர் இடத்தை இழக்கும் திருத்தமும் 2022 அக்டோபர் 5 முதல் கூட்டரசில் உண்டு. இவை யாரோ தானமிட்டவை அல்ல; உன்னைப்போன்ற இளைஞர்கள் கேட்டும் எழுதியும் நின்றும் பெற்றவையும், 2009இலும் 2020இலும் பட்ட அடியால் நாடு கற்றவையும் ஆகும்.

ஆகையால் நமது யோசனை இது. சிம்பாங் பூலாய்ப் பக்கத்திலே கோயில் மண்டபங்கள் உண்டு, தமிழ்ப்பள்ளிகள் உண்டு, படிப்பகங்கள் உண்டு. திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் போடும் நாற்காலிகளுள் 59ஐ மாதம் ஒரு ஞாயிறு எடுத்துப் போடுங்கள். பேராக் சட்டசபையின் 59 தொகுதிப் பெயரையும் ஒட்டுங்கள். சிம்பாங் பூலாய் என்னும் பெயரிலேயே ஒரு தொகுதி உண்டு, அது கோப்பேங் நாடாளுமன்றத் தொகுதியுள் அடங்கியது என்பதையாவது பிள்ளைகள் அன்று அறியட்டும். ஆணும் பெண்ணும் சரிபாதி அமரட்டும். தோட்டத்துப் பிள்ளையும் பட்டணத்துப் பிள்ளையும், மலாய்த் தோழரும் சீனத் தோழரும் வரட்டும். தனித்திருந்து ஆட்சி அமைத்தவர் இம்மாநிலத்தில் இல்லை. கட்சிகளுக்கு இடத்தைச் சீட்டெடுத்துப் பங்கிடுங்கள். எவருக்கும் முப்பது வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பின் கதவைச் சாத்திவிட்டு, மாலைக்குள் ஓர் அரசாங்கம் அமையுங்கள் என்று சொல்லுங்கள். வரவு செலவு எழுதட்டும். மனைப் பட்டாவுக்கு எவ்வளவு, சாலைக்கு எவ்வளவு என்று முட்டிக்கொள்ளட்டும். சிரித்த பெரியவர்களை எதிர்க்கட்சி ஆசனத்தில் உட்காரவையுங்கள். கேள்வி கேட்பதில் அவர்களுக்கு நிகர் இல்லை!

நடக்காத காரியம் என்பீர்களோ? தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. பால்வெட்டிகள் தம் கூலியிலிருந்து சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தால் அது தோட்டங்களையே விலைக்கு வாங்கிற்று. எழுத்தறியாதவர் என்று எள்ளப்பட்டவர்கள் பங்குதாரர் ஆகி, பிரதிநிதிகளைத் தேர்ந்து, கணக்குக் கேட்டார்கள். தாத்தாமார் தோட்டத்தை வாங்கி ஆளக் கற்றார்கள். பேரன்மார் நாட்டை ஆளக் கற்கக் கூடாதோ?

சிம்பாங் என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சந்தி என்பது பொருள். நம் ஊரில் நின்று ஒருபுறம் திரும்பினால் கேமரன் மலைச்சாலை. மறுபுறம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை. நம் சமூகமும் இன்று ஒரு சந்தியில் நிற்கிறது. ஒரு வழி, கங்காணியை எதிர்நோக்கிக் கைகட்டி நிற்பது. மறுவழி, கணக்கையும் சட்டத்தையும் கைக்கொண்டு நடப்பது.

சென்ற வாரம் அக்கடைக்கு மறுபடியும் போனோம். அவ்வாலிபன் அதே மூலையில் இருந்தான். அடுத்த தேர்தலுக்கு ஆயத்தம் செய்கிறானாம். புதிய பட்டியலை நீட்டினான். தொழிலாளர் துறை முதல் வரியில் இருந்தது, நிதி கூட்டாளிக் கட்சிக்கு, நால்வர் பெண்கள். பக்கத்து மேசைப் பெரியவர் எட்டிப் பார்த்தார். “தம்பி, குடிநீர் வழங்கலுக்கு ஆள் போடவில்லையே?” என்றார். இம்முறை அவர் சிரிக்கவில்லை.

விளையாட்டு வினையாகும் என்று அவரே சொன்னார். ஆம், ஐயா, ஆகுக!